சீனத்து மலைக் கிராமத்துல ஒரு வீடு: பன்னி, கோழி, வாத்து, வயல் மீன் எல்லாத்தையும் ஒண்ணா வளர்க்கிறது எப்படி

என் மனைவியோட சொந்த ஊரு சீனாவுல குய்சோ மாகாணம், சோங்ஜியாங் கவுன்ட்டி. அங்க மலைச்சரிவுல இருக்கிற ஒரு தோங் இனத்து கிராமம். நாங்க ரெண்டு பேரும் குவாங்டோங் மாகாணத்துல வேலை பாத்தப்ப பழகி கல்யாணம் பண்ணோம், வருஷத்துக்கு ஒருக்கா புத்தாண்டுக்கு ஊருக்குப் போவோம், பத்து நாள் இருந்துட்டு திரும்பிடுவோம். 2020லயும் அப்படித்தான் போனோம், ஜனவரி 25 புத்தாண்டு, கொரோனாவால 23ஆம் தேதியே வூஹானை மூடிட்டாங்க, அப்புறம் எங்க ஊர் ரோட்டுலயும் தடுப்பு வந்துச்சு, நான் வேலை பாத்த இடமும் திறக்கல, கடைசியில அந்த வருஷம் நெல் அறுப்பு முடியற வரைக்கும் மாமியார் வீட்டுலயே இருந்துட்டேன். சும்மா உக்காந்து சாப்பிட மனசு வராம மாமனார் பின்னாடியே தொழுவத்துக்கும் வயலுக்கும் போக ஆரம்பிச்சு கத்துக்கிட்டதுதான் இதெல்லாம். நம்ம ஆளுங்க நிறைய பேரு கேக்குறாங்க, அந்த வீடுகள்ல எப்படி ஒரே இடத்துல இத்தனையும் வளர்க்கிறாங்கன்னு, அதான் விலாவாரியா எழுதுறேன்.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். தீனி, கொட்டகை, ஜாதி இதெல்லாம் ரெண்டாவதுதான். யாரை எப்ப உள்ள விடணும், எப்ப வெளிய எடுக்கணும், இந்த டைமிங்தான் மொத்த வித்தையும். ஒரு வாரம் முன்ன பின்ன ஆனா ஒண்ணை ஒண்ணு தின்னுரும்.

எங்க மாமனார் வீட்டுக்கணக்கு இது: வயல் 4 மூ, ஒரு மூன்னா 667 சதுர மீட்டர், நம்ம கணக்குல 16½ சென்ட், அதுவும் ஒரே துண்டா கிடையாது, மலையில படிப்படியா பதினஞ்சு துண்டுக்கு மேல. பன்னி 2. கோழி 20 வாக்குல. சீசன்ல வாத்து 40. வயல்ல மீன். எருமை ஒண்ணு இருந்துச்சு, பவர் டில்லர் வாங்கினதும் வித்துட்டாங்க. அந்தப் பக்கம் இப்ப நிறைய வீட்டுல அப்படித்தான், எருமைச் சண்டைத் திருவிழாவுக்குன்னு வளர்க்கிறவங்க தனி. வீடு மரவீடு, கால் நட்டு தூக்கிக் கட்டினது, முன்னாடி எல்லாம் கீழ்த்தளத்துல மிருகம், மேல மனுஷங்க. இப்ப பன்னியை மட்டும் தள்ளி தனிக் கொட்டகைக்கு மாத்திட்டாங்க, நாத்தமும் ஈயும் குறைஞ்சுது, நல்ல மாற்றம்.

பன்னியில இருந்து ஆரம்பிப்போம், வருஷமே அதுலதான் தொடங்குது. புத்தாண்டு முடிஞ்சு சந்தை கூட ஆரம்பிச்சதும் குட்டி வாங்கிடணும், அப்பத்தான் அடுத்த குளிர்காலத்துக்குள்ள 200 ஜின் தாண்டும் (ஒரு ஜின் அரை கிலோ). சோங்ஜியாங்குக்குன்னே ஒரு ஜாதி இருக்கு, ஷியாங் பன்னி, வாசனைப் பன்னின்னு அர்த்தம், குட்டையா கறுப்பா இருக்கும், வளர்ந்தாலும் பெருசா ஆகாது, தழையைத் தின்னே பொழைச்சுக்கும். கறி ருசி அவ்வளவு நல்லா இருக்கும், விலையும் கூட. ஆனா வருஷம் பூரா குடும்பத்துக்குக் கறியும் சமையலுக்குப் பன்னிக் கொழுப்பு நெய்யும் வேணும்னா அது பத்தாது, அதுக்கு பெரிய கலப்பு ஜாதிக் குட்டி ஒண்ணு வேணும். எங்க வீட்டுல ஒண்ணு அது, ஒண்ணு இது.

குட்டி எடுக்கும்போது கூண்டுக்குள்ள கையை விட்டு முன்னாடி ஓடி வர்றதை எடுங்க, மூலையில படுத்துக்கிட்டு இருக்கிறதை எவ்வளவு குறைச்சுக் கொடுத்தாலும் வாங்காதீங்க. வாலைத் தூக்கிப் பாருங்க, பின்பக்கம் காய்ஞ்சு சுத்தமா இருக்கணும், ஈரமா ஒட்டிக்கிட்டு இருந்தா கழிச்சல் இருக்குன்னு அர்த்தம். வீட்டுக்குக் கொண்டு வந்த அன்னைக்கு பாவம்னு நிறைய ஊத்தாதீங்க, தண்ணி மட்டும் தாராளமா, தீனி பாதி வயிறு போதும், ஊர் மாறின குட்டி வயிறு முட்டத் தின்னா மறுநாளே கழியும்.

அடுத்து முதல் மூணு நாள் வேலை, இதை விட்டுட்டீங்கன்னா வருஷம் பூரா கஷ்டப்படணும். பன்னி இயல்பா சுத்தமான மிருகம், படுக்கிற இடத்துல அசிங்கம் பண்ணாது, ஆனா எது படுக்கிற இடம்னு நாமதான் காட்டித் தரணும். கொட்டகையில ஒரு மூலையில வைக்கோல் போட்டு காய்ஞ்சு கிடக்க விடுங்க, அது படுக்கை. எதிர் மூலையில தண்ணி தெளிச்சு கொஞ்சம் பழைய சாணியைப் போட்டு வைங்க, அது கக்கூஸ். தீனித்தொட்டி ரெண்டுக்கும் தள்ளி. குட்டி வேற இடத்துல போனா உடனே அள்ளி அந்த ஈர மூலையில கொண்டு போய்ப் போடணும், அன்னைக்கு ராத்திரி ரெண்டு தடவை எந்திரிச்சுப் பாக்கணும். மூணாவது நாள் காலையில எங்க குட்டி தூக்கத்துல இருந்து எந்திரிச்சு நேரா நடந்து போய் அந்த மூலையில போச்சு, நான் பாத்துக்கிட்டு நின்னேன், அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. அதுக்கப்புறம் டிசம்பர் வரைக்கும் அந்த மூலையை மட்டும் தள்ளி விட்டா போதும்.

தீனி பெரும்பாலும் வீட்டுதுதான். சக்கரவள்ளிக் கொடி, பூசணி, வயல் வரப்புல மலையோரத்துல அறுத்துட்டு வர்ற தழை, தவிடு, மக்காச்சோள மாவு, அரிசி கழுவின கழுநீர். மாமியார் தினமும் மத்தியானம் முதுகுல மூங்கில் கூடையைக் கட்டிக்கிட்டு தழை பறிக்கப் போவாங்க. தழையைப் பொடிசா நறுக்கி பெரிய இரும்புச் சட்டியில வேக வைக்கிறது அந்தக் காலத்துப் பழக்கம், இப்ப பச்சையாவே நறுக்கிப் போட்டு மேல தவிடும் சோள மாவும் தூவுறாங்க, விறகும் மிச்சம்.

வேக வைக்கிறதா இருந்தா ஒரு எச்சரிக்கை. நான் ஒருநாள் சாயந்திரம் கீரைத்தண்டும் முட்டைக்கோஸ் இலையும் சட்டி நிறைய போட்டு வேக வச்சு, காலையில போடலாம்னு மூடி போட்டு அடுப்புலயே விட்டுட்டேன். காலையில மாமியார் மூடியைத் தொறந்து பாத்தாங்க, வெதுவெதுன்னு இருந்துச்சு, ஒரு வார்த்தை பேசல, அப்படியே தூக்கிட்டுப் போய் எருக்குழியில கொட்டிட்டாங்க. அப்புறம்தான் சொன்னாங்க, "ராத்திரி மூடி வச்ச தழை விஷம், பன்னி வயிறு முட்டத் தின்னுட்டு அங்கேயே சாஞ்சிரும்". கீரையில இருக்கிற நைட்ரேட் அந்த மூடின வெதுவெதுப்புல நைட்ரைட்டா மாறிடுது, அது ரத்தத்துல கலந்தா ரத்தம் ஆக்சிஜனைத் தூக்காது, மூக்கும் காதும் நீலமா போகும், ரத்தம் காபி கலர்ல இருக்கும், அரை மணி ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடும். நல்லா திங்கிற கொழுத்த பன்னிதான் முதல்ல சாகும், ஏன்னா அதுதான் நிறைய தின்னுருக்கும். அதனால வேக வச்சா மூடியைத் தொறந்து வச்சு கிளறி வேக வைங்க, ஆறினதும் அப்பவே போடுங்க, மிச்சம் வைக்காதீங்க. தப்பித் தவறி நடந்துட்டா மெத்திலீன் புளூ ஊசிதான் மருந்து, கால்நடை டாக்டரை உடனே கூப்பிடணும்.

நோய்ல பெரிய பயம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். சீனாவுல 2018 ஆகஸ்ட்ல ஷென்யாங்ல முதல்ல வந்துச்சு, அடுத்த வருஷ முடிவுக்குள்ள பன்னிக்கறி விலை ரெண்டு மடங்குக்கு மேல போயிடுச்சு, 2020ல நாங்க குட்டி வாங்கினப்பவும் விலை தாறுமாறாத்தான் இருந்துச்சு. மருந்து கிடையாது. மனுஷனுக்கு ஒட்டாது, ஆனா பன்னிக்கறியில, உப்புக்கண்டத்துல, செருப்புல, வண்டி டயர்ல எல்லாம் ஒட்டிக்கிட்டு வரும். அதனால ஓட்டல் எச்சில், கல்யாண வீட்டு மிச்சம் எதையும் பன்னிக்குப் போடாதீங்க. வெளியில வாங்கின பன்னிக்கறியைக் கழுவின தண்ணி கூடக் கழுநீர்ல கலக்கக் கூடாது, அதுக்குன்னு தனி பக்கெட் வைங்க. கொட்டகைக்கு தனி பூட்ஸ். சந்தைக்குப் போயிட்டு வந்த ஆளு அதே துணியோட கொட்டகைக்குள்ள நுழையக் கூடாது, சொந்தக்காரங்களா இருந்தாலும் வாசல்லயே நிறுத்திடுங்க, கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

பன்னிச் சாணி நேரா நிலத்துக்கடியில இருக்கிற கேஸ் தொட்டிக்குப் போகுது. 8 கன மீட்டர் தொட்டி, அரசாங்க உதவியோட கட்டினது, கக்கூஸும் அதுலயே இணைப்பு, அடுப்புக்கு கேஸ் வரும், மிச்சக் கரைசல் வயலுக்கும் காய்கறிக்கும். ஆனா ரெண்டு பன்னிக்கு கேஸ் இழுத்துப் பிடிச்சுத்தான் வரும், 3 பன்னி இருந்தா நல்லது, குளிர்காலத்துல 10 டிகிரிக்குக் கீழ போனா சுத்தமா படுத்துடும். ஊர்ல பாதி தொட்டி சும்மா கிடக்கு, பசங்க எல்லாம் குவாங்டோங் ஃபேக்டரிக்குப் போயிட்டாங்க, பெருசுங்களால பன்னி வச்சுக்க முடியல, சாணிக்கு எங்க போறது. அதைப் பாக்கும்போது மனசு கஷ்டமாத்தான் இருக்கு.

கோழி விஷயம் நம்ம நாட்டுக்கோழி மாதிரியேதான், அதனால நீட்டல. மார்ச்ல அடைக்கோழிக்கு 12ல இருந்து 14 முட்டை வைங்க, 21 நாள். ஏழாவது நாள் ராத்திரி செல்போன் டார்ச்ல முட்டையை வச்சுப் பாருங்க, சிலந்தி மாதிரி ரத்த நரம்பு தெரிஞ்சா கரு இருக்கு, தெளிவா இருந்தா கூமுட்டை, எடுத்துடுங்க. குஞ்சை முதல் பத்து நாள் அடுப்பங்கரைப் பக்கம் மூங்கில் கூடையில வச்சுக்குவாங்க, ஊற வச்ச நொய்தான் தீனி. பகல்ல மேய விட்டு இருட்டறதுக்குள்ள அடைச்சிடணும், அந்த மலையில கீரிப்பிள்ளை சைஸ்ல மஞ்சளா ஒரு ஜந்து இருக்கு, ஹுவாங்ஷுலாங்னு பேரு, ரெண்டு விரல் அளவு சந்து கிடைச்சா போதும், உள்ள நுழைஞ்சு திங்கிறதை விட கடிச்சுப் போடுறதுதான் ஜாஸ்தி. கூட்டோட அடிப்பலகையைத் தரையில இருந்து தூக்கி வைங்க, எல்லாச் சந்தையும் கம்பிவலை போட்டு அடைங்க. வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசியைத் தள்ளிப் போடாதீங்க. சீனாவுல வசந்தத்துல ஒருக்கா இலையுதிர்ல ஒருக்கான்னு ரெண்டு தடவை ஊர் ஊரா தடுப்பூசி வேலை நடக்கும், எங்க ஊருக்கு வந்தப்ப மாமியார் முந்தின ராத்திரியே எல்லாத்தையும் கூட்டுல அடைச்சு வச்சுட்டாங்க, காலையில தொறந்து விட்டுட்டா அப்புறம் மலை பூரா ஓடணும். சேவல்ல வேண்டாததை விதையெடுத்து புத்தாண்டுக்குக் கொழுக்க விடுவாங்க, அதைத் தெரிஞ்ச ஆளு மட்டும் பண்ணட்டும், நீங்க கத்தியை எடுக்காதீங்க. பிரசவமான பொண்ணுக்கு மாசம் பூரா நாட்டுக்கோழி சூப்புதான் அங்க பத்தியம், அதுக்குன்னே நாலு கிழட்டுக் கோழியை யாரும் தொட மாட்டாங்க.

வாத்தையும் கோழியையும் ஒரே கூட்டுல அடைக்காதீங்க. வாத்து படுக்கிற இடம் எப்பவும் ஈரம், கோழிக்கு ஈரம் ஆகாது.

இப்ப முக்கியமான கட்டத்துக்கு வர்றேன், வயல். சோங்ஜியாங் தோங் மக்களோட நெல், மீன், வாத்து முறையை ஐநாவோட உணவு வேளாண் அமைப்பு 2011ல உலக அளவுல முக்கியமான விவசாய மரபுன்னு பட்டியல்ல சேத்துச்சு. நெல்லும் மீனும் மட்டும் போடுற செஜியாங் மாகாணத்து சிங்தியான் 2005லயே அந்தப் பேரை வாங்கிடுச்சு. சிங்தியான் பக்கம் பண்ண ஆராய்ச்சி ஒண்ணு 2011ல வெளியாச்சு, மீன் இருக்கிற வயலுக்கு வெறும் நெல் வயலை விட பூச்சிமருந்து 68 சதவீதம் கம்மி, ரசாயன உரம் 24 சதவீதம் கம்மி. காரணம் நேர்ல பாத்தா புரியும், மீன் தண்டுல மோதும்போது புகையான் பூச்சி தண்ணியில விழுது, விழுந்ததை அதுவே முழுங்குது. வாத்து களையை மிதிக்குது, நத்தையைத் திங்குது, சேத்தைக் கலக்கி விடுது, ரெண்டும் போடுற எச்சம் நெல்லுக்கு.

மீன் வயலுக்கு முதல் வேலை குளிர்காலத்துலயே. வரப்பை ஒரு முழத்துக்கு உயர்த்தி நல்லா மிதிச்சுப் பூசுங்க, நண்டு ஓட்டை ஒண்ணு இருந்தாலும் ஒரே ராத்திரியில மீன் கீழ் வயலுக்குப் போயிடும், அங்க போனா அது கீழ் வயல்காரங்களுது. வயலுக்குள்ள ஒரு முழ அகலம் ஒரு முழ ஆழத்துல வாய்க்கால் வெட்டி, அது சேர்ற இடத்துல இடுப்பளவு ஆழத்துக்கு ஒரு குழி. மருந்தடிக்கிறப்போ, வெயில் கொளுத்துறப்போ, தண்ணி வத்துறப்போ மீன் ஒதுங்க அதுதான் இடம். ஆசைப்பட்டு பெருசா வெட்டாதீங்க, வாய்க்காலும் குழியும் சேந்து வயல்ல பத்துல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, இல்லேன்னா நெல் குறைஞ்சிடும். தண்ணி வர்ற மடை, போற மடை ரெண்டுலயும் மூங்கில் தட்டி, தட்டியை நேரா நடாம தண்ணி வர்ற பக்கம் பாத்து வில்லு மாதிரி வளைச்சு நடுங்க, குப்பை அடைச்சாலும் சாயாது.

மீன் சாதாக் கெண்டைதான். குஞ்சு வெளியிலயும் கிடைக்கும், ஆனா எங்க வீட்டுல தாங்களே எடுக்குறாங்க. தாய் மீன், தகப்பன் மீன் எல்லாம் நெல் களஞ்சியத்துக்கு அடியில இருக்கிற குளத்துல கிடக்கும். அங்க களஞ்சியத்தைத் தண்ணி மேலதான் கட்டுவாங்க, தீப்பிடிச்சா பரவாது, எலியும் ஏறாது. ஏப்ரல்ல தண்ணி கொஞ்சம் சூடானதும் ஊசியிலை மரக்கிளையைக் கட்டி தண்ணியில போடுவாங்க, கெண்டை முட்டை பிசின் மாதிரி ஒட்டும், கிளையில போய் ஒட்டிக்கும். விடிகாலையில தண்ணி சலசலன்னு அடிச்சா முட்டை போடுதுன்னு அர்த்தம். கிளையைத் தூக்கிப் பாத்தா கடுகு சைஸ்ல தேன் கலர்ல வரிசையா ஒட்டிருக்கும். உடனே அந்தக் கிளையை வேற சின்னக் குளத்துக்கு மாத்தணும், விட்டா பெத்ததுங்களே தின்னுரும். ரெண்டு நாள் கழிச்சு உள்ளுக்குள்ள கறுப்பா ரெண்டு புள்ளி தெரியும், அது கண்ணு, அது உயிரோட இருக்கு. வெள்ளையா பஞ்சு பூத்தது செத்தது. ஒரு வாரத்துக்குள்ள பொரிச்சிடும்.

நாத்து வேலை குயூங்கிற பருவத்துல, அதாவது ஏப்ரல் 20 வாக்குல சூடு பிடிக்கும், மலை மேல போகப் போக நடவு ஜூன் வரைக்கும் தள்ளும். நட்டு ஒரு வாரம் பத்து நாள்ல நாத்து வேர் பிடிச்சு பச்சை கட்டும், அதுக்கப்புறம்தான் மீன் குஞ்சு. முந்தினா நாத்தைப் பேத்துடும். மூவுக்கு 300 குஞ்சு போதும், தீனி எதுவும் பெருசா போடாம வயல்லயே வளரணும்னா அதுக்கு மேல வேண்டாம். குஞ்சு இருக்கிற பக்கெட்டை வயல் தண்ணியில கால் மணி நேரம் மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமா வயல் தண்ணியைக் கலந்து அப்புறம் சாய்ச்சு விடுங்க, தடால்னு கொட்டினா சூடு மாறி பாதி மிதக்கும்.

வாத்து எப்ப? மீன் ரெண்டு மூணு இஞ்ச் ஆன பிறகு. அதுவும் வாத்துக் குஞ்சுதான், வளர்ந்த வாத்து இல்ல. இங்கதான் நான் பெரிய தப்பு பண்ணேன். குஞ்சு விட்டு பன்னெண்டு நாள்தான் ஆகியிருந்துச்சு, வீட்டுல போன வருஷத்துப் பெரிய வாத்து ஆறு இருந்துச்சு, வயல்ல களை தெரியுது, கொஞ்ச நேரம் விடுவோமேன்னு மாமனார்கிட்ட கேக்காம கீழ் வயல்ல தொறந்து விட்டுட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சு வந்து பாத்தா ஆறும் வரப்புல உக்காந்து இறகைக் கோதிக்கிட்டு இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் தொண்டைக்குக் கீழ பை மாதிரி தொங்குது. வயல்ல குனிஞ்சு பாத்தேன், காலையில கால் வச்சா சிதறி ஓடின குஞ்சு ஒண்ணு கூட இல்ல. மாமனார் வந்து பாத்தாரு, என்னைத் திட்டல, வாத்தை ஓட்டிட்டுப் போய் அடைச்சிட்டு, பக்கெட்டை எடுத்துக்கிட்டு மேல் தெரு வீட்டுக்கு மீன் குஞ்சு கேட்டு நடந்தாரு. அவரு அப்படிப் போறதைப் பாத்ததுதான் எனக்கு இன்னைக்கும் உறுத்துது. அதனால சொல்றேன், உங்க நடு விரல் நீளத்துக்கு மீன் வராம வாத்துக் குஞ்சைக் கூட விடாதீங்க. பெரிய வாத்துக்கு மீன் உள்ளங்கையைத் தாண்டி வளரணும்.

வாத்துக் குஞ்சை கோழியை வச்சே அடை வைக்கலாம், 28 நாள், கடைசி பத்து நாள் முட்டை மேல வெதுவெதுப்பான தண்ணி லேசா தெளிங்க, வாத்து முட்டைக்கு ஈரம் வேணும். கோழி பொரிச்ச குஞ்சை உடனே ஆழத் தண்ணியில விடாதீங்க, தாய் வாத்தோட எண்ணெய் அது இறகுல ஒட்டியிருக்காது, நனைஞ்சு விறைச்சிடும். ஒரு வாரம் தட்டுத் தண்ணி, அப்புறம் வெயில் நேரத்துல ஆழமில்லாத இடம், 15 - 20 நாள் ஆனதும் வயல். ஜாதி சின்னதா இருக்கணும், கொழுத்த ஜாதி நெல் வரிசைக்குள்ள நுழைய முடியாம பயிரைச் சாய்ச்சிடும். மூவுக்கு 10, மிஞ்சிப் போனா 12. காலையில எட்டு மணிக்கு மேல தொறங்க, பொட்டை வாத்து அதுக்குள்ள முட்டை போட்டுடும், சீக்கிரம் விட்டா முட்டை வயல்ல கிடக்கும். சாயந்திரம் ஒரே இடத்துல நின்னு ஒரே மாதிரி குரல் கொடுத்து ஒரு பிடி நெல்லு போடுங்க, ஒரு வாரத்துல பழகிடும், அப்புறம் நீங்க தேடிப் போக வேண்டாம். வயிறு நிறைய போட்டா வயல்ல மேயாது, பாத்துக்கோங்க. அசோலா (தண்ணி மேல மிதக்கிற சின்னப் பாசி மாதிரிச் செடி) படர்ந்திருந்தா நல்லது, மீனும் வாத்தும் ரெண்டும் திங்கும்.

நெல் கதிர் வெளிய தலை காட்டின அன்னைக்கே வாத்தை வயலை விட்டு ஏத்திடுங்க. பால் பிடிக்கிற கதிரை எட்டி இழுத்து உருவித் தின்னுரும், ஒரு நாள்ல எவ்வளவு சேதம்னு நம்ப மாட்டீங்க. சீன மாசக் கணக்குல ஏழாம் மாசம் நடுவுல முன்னோர்களுக்குப் படையல் போடுற நாள் வரும், நம்ம ஆடி அமாவாசை மாதிரின்னு வச்சுக்கோங்க, பக்கத்து குவாங்ஷி பக்கம் அன்னைக்கு வாத்து அடிக்காத வீடு இல்ல. பயிர் கதிர் வாங்குற நேரமும் அதையொட்டித்தான் வருது, வாத்தும் சரியான எடையில இருக்கும். முட்டைக்கு வேணுங்கிறதை மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்தை வித்துடுவாங்க. முட்டையை சாம்பலும் உப்பும் களிமண்ணும் குழைச்சுப் பூசி ஜாடியில அடுக்கினா ஒரு மாசத்துல உப்பு முட்டை, மஞ்சக்கருவை உடைச்சா எண்ணெய் வடியும்.

வாத்து ஏறின பிறகு வயல்ல மீனும் நெல்லும் மட்டும். அந்த ஊரு ஒட்டுநெல் (வெந்தா பிசுபிசுன்னு ஒட்டுற அரிசி) குளிர் தண்ணியில நிக்கிற ஜாதி, அறுப்பு அக்டோபர் வரைக்கும் போகும், கதிரை மட்டும் கையில கிள்ளி எடுத்து உயரமான மரச்சட்டத்துல தொங்க விட்டுக் காய வைப்பாங்க. மீன் பிடிக்க மடையைத் தொறந்து தண்ணியை மெதுவா வடிங்க, ஒரு முழு ராத்திரி வடியட்டும். அவசரப்பட்டா மீன் நெல் தூருக்கு நடுவுல மாட்டி சேத்துல செத்துடும், மெதுவா வடிச்சா எல்லாம் தானா வாய்க்காலுக்கு வந்து குழியில சேரும், கூடையைக் கவுத்து கையை விட்டு எடுத்தா போதும். அன்னைக்கு வரப்புலயே தீ மூட்டி மூங்கில்ல குத்திச் சுடுவாங்க, உப்பும் மிளகாயும் மட்டும், அந்த ருசிக்கு நான் திரும்பத் திரும்ப போகத் தயார். பச்சை மீன் மட்டும் யாரு கொடுத்தாலும் சாப்பிடாதீங்க, அந்தப் பக்கம் நன்னீர் மீன்ல கல்லீரல் புழு உண்டு, குவாங்ஷி குவாங்டோங்ல நிறைய பேருக்கு அதுதான் பிரச்சனை, நல்லா வெந்தாத்தான் சாகும்.

மிச்ச மீனை வயித்தைப் பிளந்து உப்பு தடவி ரெண்டு மூணு நாள் வச்சு, வெந்த ஒட்டரிசியும் மிளகாய்ப் பொடியும் கலந்து உள்ள அடைச்சு மரப்பீப்பாயில அடுக்கி மேல கல்லு வைப்பாங்க. புளிச்சுப் புளிச்சு வருஷக் கணக்கா இருக்கும். விருந்தாளி வந்தா முதல்ல அதைத்தான் எடுப்பாங்க. அடுக்குறதுக்கு முன்னாடி அடுத்த வருஷத்துக்குத் தாய் மீனைப் பொறுக்கிடுங்க, பெருசா, செதில் உதிராம, அடிபடாம இருக்கிறதா பாத்து களஞ்சியத்துக் குளத்துல விடணும். எல்லாத்தையும் அடுக்கின பிறகு ஞாபகம் வந்து பிரயோஜனம் இல்ல.

பன்னியை வெட்டுறது பன்னெண்டாம் மாசம், குளிர் நல்லா இறங்கின பிறகு. கடைசி ஒரு மாசம் தழையைக் குறைச்சு சோளத்தைக் கூட்டுங்க, கொழுப்பு கெட்டியா வரும். முந்தின நாள் சாயந்திரம் தீனி வேண்டாம், தண்ணி மட்டும். அஞ்சு ஆம்பளைங்களாவது வேணும், அக்கம்பக்கத்துல முறை வச்சு உதவிக்கு வருவாங்க, அன்னைக்கு மத்தியானம் அவங்க எல்லாருக்கும் புதுக்கறியும் ரத்தமும் ஈரலும் போட்டு விருந்து, போகும்போது கையில ஒரு துண்டு கறி. மிச்சத்தைத் தோலோட நீளத் துண்டாப் போட்டு உப்பும் சிச்சுவான் மிளகும் தேய்ச்சு சில நாள் ஊற வச்சு அடுப்புக்கு மேல தொங்க விடுவாங்க, புகை பட்டுப் பட்டு கறுத்து அடுத்த வருஷம் வரைக்கும் கெடாது. சட்டியில உருக்கின நெய்யை ஜாடியில ஊத்தி வச்சா அதுதான் வருஷத்து எண்ணெய்.

வெட்டி முடிச்ச மறுநாளே கொட்டகையைக் கழுவுங்க, வைக்கோலை எல்லாம் வெளிய இழுத்து எரிச்சிடுங்க, தொட்டியைக் கவுத்து வெயில்ல காய வைங்க, தரையிலயும் சுவர்லயும் ஒரு ஆள் உயரத்துக்கு சுண்ணாம்பு அடிங்க. புதுக்குட்டி வர்ற வரைக்கும் அந்தக் கொட்டகை காலியா காய்ஞ்சு கிடக்கணும், கோழியைக் கூட உள்ள விடாதீங்க.